பாருக்குப் பட்டா இல்லை

2012-இல் யுனெஸ்கோ, பஹ்ரைன் நாட்டின் முஹர்ரக் நகரத்து முத்துத் தொழிலின் சான்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 17 கட்டடங்கள், ஒரு கோட்டை, கடற்கரையில் ஒரு துண்டு. இவற்றோடு கடலுக்குள் கிடக்கும் மூன்று சிப்பித் திட்டுகளும் அந்தப் பதிவில் உண்டு. முத்து வணிகரின் மாளிகையைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த அரசுக்கும் தோன்றிவிடும். தண்ணீருக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற திட்டையும் ஊரின் சொத்தாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுவதற்குத் தொழிலை உள்ளிருந்து அறிந்த ஒரு பார்வை வேண்டும்.

தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் அப்படிப்பட்ட திட்டுகள் நிறைய உண்டு. கரையிலிருந்து சுமார் 12 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கடலுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். தொலையிரம் பார், கூத்தாடியார் பார், நகரைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்கூபா கட்டிக்கொண்டு இறங்கி இந்தப் பார்களை அளந்தபோதும், அறிக்கையில் எழுதியது மீனவர் வைத்த பெயர்களைத்தான். வேறு பெயர் ஏது?

தரையில் அரை சென்ட் நிலத்துக்குக்கூட சர்வே எண், சிட்டா, அடங்கல், பட்டா என்று நாலு காகிதம் இருக்கிறது. பாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதிலிருந்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மீதி ஒரு பங்கு முங்கி எடுத்தவர்களுக்கு என்ற கணக்கு மட்டும் பிரிட்டிஷ் காலத்தில் கறாராக இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம், பெயரிட்ட இடம், உயிர்விட்ட இடம். ஆனால் ஆவணப்படி அது எவருடைய பூர்வீகமும் இல்லை.

மொழி, முன்னோர், நிலம் மூன்றையும் ஒரே அறைக்குள் திரைகளில் நிறுத்திக் காட்டும் கலை இன்று உலகெங்கும் செழித்திருக்கிறது. காணொளி நிறுவல் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஓவியர்கள் பேச்சில் வீடியோ இன்ஸ்டலேஷன்தான். அந்தக் கலைக்கும், முத்துக்குளித்துறை என்று அழைக்கப்படும் இந்தத் தூத்துக்குடிக் கரைக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையின் நிலம் பேச்சில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பேச்சைப் பதியாமல் கலை செய்யப் போனால் அலங்காரம்தான் மிஞ்சும்.

கலையைப் பற்றிச் சுருக்கமாக. திரைப்படத்துக்கு ஒரு திரை, ஒரு தொடக்கம், ஒரு முடிவு, இருக்கையில் கட்டுண்ட பார்வையாளர். காணொளி நிறுவலில் நாலைந்து திரைகள் ஒரே நேரத்தில் ஓடலாம். தரையில் பொருட்கள் கிடக்கலாம். குரல் ஒரு மூலையிலும் முகம் இன்னொரு மூலையிலும் இருக்கலாம். வருகிறவர் எங்கிருந்தும் பார்க்கத் தொடங்கலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். 1960-களில் கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கலைப்பொருளாக்கியதிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். இந்தியாவில் நளினி மலானி 1998-இல் உருது எழுத்தாளர் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையை எடுத்துக்கொண்டு, தகரப் பெட்டிகளுக்குள் தொலைக்காட்சிகளை வைத்து ஒரு படைப்பு செய்தார். பிரிவினையில் ஊரை இழந்தவர்களின் தகரப் பெட்டி அது. பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்த ஆண்டும் அதுவே. நிலம் யாருடையது என்ற கேள்வி இந்தியக் காணொளிக் கலையில் தொடக்கத்திலேயே நுழைந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இந்த வடிவம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, தொழில், பறை, பறவை எல்லாம் கருப்பொருள். ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் அறைக்குள் கொண்டுவந்து, அங்குள்ள பொருட்களைச் சுற்றிலும் வைத்து, நடுவில் மனித உணர்ச்சி ஒன்றை எழுப்புவதுதான் நிறுவல் கலையின் வேலையும். பொருத்தம் இவ்வளவு சுலபமாக அமைவதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். தில்லியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் சூழலியலாளருமான ரவி அகர்வால், 2013 முதல் 2015 வரை புதுச்சேரியை ஒட்டிய தமிழகக் கடலோரத்தில் மீனவர்களோடு பழகி ஒரு வரிசைப் படைப்புகள் செய்தார். சங்கப் பாடல்களின் திணை மரபு அவருக்குத் துணை. வெளியூர்க்காரர் ஒருவர் நெய்தலை இவ்வளவு அக்கறையோடு படித்தது மகிழ்ச்சிதான். ஆனால் நெய்தலுக்கு இரங்கலே உரிப்பொருள் என்ற திணையைக் கோட்பாடாக எடுத்துக்கொண்டால் கடற்கரை எப்போதும் இரங்கிக்கொண்டேதான் இருக்கும். உண்மையான கடற்கரையில் டீசல் விலை, வலை விலை, ஏலக்காரர், வட்டி எல்லாம் இருக்கின்றன. கருப்பொருள் பட்டியலில் இவற்றையும் சேர்க்கத் துணியாத படைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்றைய நெய்தல் ஆகாது.

முத்தைப் பற்றி நேரடியாகவே பேசும் காணொளிப் படைப்பு ஒன்று குவைத்திலிருந்து வந்திருக்கிறது. மொனிரா அல் காதிரி 1983-இல் செனகலில் பிறந்து குவைத்தில் வளர்ந்தவர். டோக்கியோவில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய தாத்தா முத்துப் படகில் பாட்டுக்காரராக இருந்தவர். பாரசீக வளைகுடாப் படகுகளில் பாடுவதற்கென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். வேலையின் தாளமும் ஆட்களின் தெம்பும் அவர் குரலில் இருந்தன. 2018-இல் அல் காதிரி செய்த படைப்பின் பெயர் ‘முக்குளிப்பவர்’ என்ற பொருளுடையது. இருண்ட நீரில், மின்னும் உடையணிந்த நீச்சல் பெண்கள் பழைய முத்துக்குளிப்புப் பாட்டுக்கு ஏற்ப ஒரே அசைவில் நீந்துகிறார்கள். அந்த உடையின் நிறம்தான் படைப்பின் உயிர். முத்தின் மேற்பரப்பில் தெரியும் வானவில் மினுக்கமும், தண்ணீரில் சிந்திய பெட்ரோலியத்தின் மினுக்கமும் ஒன்றுபோல இருப்பதை அவர் கண்டுகொண்டார். தாத்தாவின் காலம் முத்து. பேத்தியின் காலம் எண்ணெய். இரண்டும் ஒரே கரையிலிருந்து, ஒரே நிறத்தில்.

குவைத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1938-இல். அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து வளைகுடாவின் முத்து வணிகத்தை முறித்துப் போட்டிருந்தது. ஆக, தாத்தாவின் தொழில் செத்ததும் நாட்டுக்கு வேறொரு செல்வம் கிடைத்தது. அந்தச் செல்வம் அருங்காட்சியகம் கட்டியது, பாட்டுகளைப் பதிந்தது, பேத்தியை டோக்கியோவுக்குப் படிக்க அனுப்பக்கூடிய சமூகத்தை உண்டாக்கியது. அல் காதிரியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. தாத்தா பாடிய வகைப் பாட்டைப் பேத்தி கையில் எடுக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது என்கிறேன்.

தூத்துக்குடியின் கதை வேறு. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த பருவங்கள் 1955 முதல் 1961 வரை. அதன்பின் பார்களில் சிப்பி போதுமான அளவுக்குத் திரளவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்ப்பதும் கைகூடியது. அறிவியலுக்குப் பெரிய வெற்றி. முங்கத் தெரிந்தவர்களுக்கு அதில் வேலை அதிகம் இல்லை. 1974-இல் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அடுத்து அனல்மின் நிலையம் வந்தது; முன்பிருந்தே உப்பளங்கள் இருந்தன. முத்து ஊரின் பட்டப்பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

இனி, யார் எதைப் பதிந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் நூல், கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரம் போட்டு மீன்களைக் கட்டுகிறவர்களுக்கு என்று கணக்கே கொடுக்கிறார். சுறாவின் வாயைக் கட்டும் அந்த ஆளுக்குப் பிற்காலத்தில் கடல்கட்டி என்று பெயர். ஆங்கில அதிகாரிகளின் குறிப்புகளிலும் அவர் வருகிறார், கூலியோடு. நம்பிக்கை இல்லாத அதிகாரி கூலியை நிறுத்தவில்லை. கடல்கட்டி வராவிட்டால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

போர்த்துகீசியர் வந்தார்கள். 1530-களில் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துத்துறை யார் கையில் என்ற மோதலும் அதற்குக் காரணங்களில் ஒன்று. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார், செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்க வைத்து மனப்பாடம் செய்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் மனப்பாடத்தோடு நிற்கவில்லை. தமிழ் படித்தார், போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார், 1586-இல் ‘அடியார் வரலாறு’ என்று பின்னால் அறியப்பட்ட பெருநூலைக் கொண்டுவந்தார். இந்த அச்சு வேலைக்குப் பரதவர் பணம் கொடுத்தார்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் முதலில் அச்சேறிய நூல்களுக்குப் பின்னால் கடலில் முங்கிய காசு இருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடங்கள் சொல்வதில்லை. கரையின் பேச்சு அச்சுக்கு ஏறியதும் இந்த நூல்களில்தான். ஆனால் ஏறியது செபமும் புனிதர் சரிதையும். பாரைப் பற்றி, காற்றைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி முங்குகிறவர் பேசுவது ஏறவில்லை.

1658-இல் டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். எட்கர் தர்ஸ்டன் 1890-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அதே தர்ஸ்டன்தான் தென்னிந்தியச் சாதிகளின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். கடலடியை ஒரு கயிற்றாலும் மனிதரின் வம்சத்தை ஒரு கருவியாலும் அளக்கலாம் என்ற நம்பிக்கை அது. ஜேம்ஸ் ஹார்னெல் அவரைவிடக் கூர்மையானவர். 1914-இல் சங்கைப் பற்றியும் 1922-இல் முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. எவ்வளவு சிப்பி, எந்தப் பாரில், என்ன விலைக்கு ஏலம் போனது என்பதெல்லாம் கிடைக்கும். முங்கியவர் ஒருவர் தன் வாயால் நீளமாகப் பேசுகிற பக்கத்தை என் வாசிப்பில் கண்டதில்லை. ஐரோப்பாவுக்கோ அந்தக் குறிப்புகளே தேவைப்படவில்லை: 1863-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே இலங்கைக் கரையின் முத்துக்குளிப்போரை வைத்து ஓர் இசைநாடகம் எழுதிவிட்டார், அதில் காதலும் சபதமும் உண்டு, அழுகிய சிப்பியின் நாற்றம் இல்லை. எடுத்த சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டு, புழு அரித்தபின் கழுவித்தான் முத்தைப் பொறுக்கினார்கள். எந்தத் திரையும் அந்த வாடையைக் கொண்டுவராது. காணொளிக் கலைஞர் தன் எல்லையை அங்கே உணர்ந்துகொள்ளலாம்.

பேச்சில் மட்டும் இருப்பவை எவை? கடலில் ஒரு பாரின் மேல் வள்ளத்தை நிறுத்துவதற்குக் கரையைப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரம், பனங்கூட்டம், மேடு என்று முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தி, வேறொரு திசையில் இன்னும் இரண்டை நிறுத்தினால் இடம் கிடைத்துவிடும். ஜி.பி.எஸ். வருவதற்கு முன் கரையெங்கும் இதுதான் வழி. அதாவது கடலடி நிலத்தின் வரைபடம் தரையில் இருக்கிறது. தரை மாறினால் வரைபடமும் மாறும். இன்று தூத்துக்குடியைக் கடலிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணில் நிற்கின்றன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களில் இந்தப் பேச்சின் ஒரு பகுதியைக் காப்பாற்றினார். வறீதையா கான்ஸ்தந்தின் தென்கோடிக் கரையின் அறிவைக் கட்டுரைகளாகத் திரட்டியிருக்கிறார். இருவரும் எழுத்தாளர்கள். எழுத்தில் சொல் நிற்கும். முங்கி எழுந்தவுடன் மூச்சு வாங்கிக்கொண்டே அந்தச் சொல் வருகிற விதம் நிற்காது. திரைக்கு வேலை இருப்பது அங்கேதான்.

நிலமும் அப்படியே இருப்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில். தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லி அவற்றில் ஒன்று. பல்லாண்டுகள் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததன் விலை. வான் தீவு கரைந்து சிறுத்ததைத் தடுக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். தீவில் கால்வைத்து நடந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், தீவு இல்லை. முன்னோர் நிலம் என்று இங்கே பேசுவதானால், வரைபடத்தில் இருந்து அழிந்த அந்தத் தரையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அழிந்த இடத்தை நினைவிலிருந்து மீட்கும் கலைக்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் 2011-இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கலைநூல் கொண்டுவந்தார். தோம்பு என்பது போர்த்துகீசிய, டச்சு ஆட்சிகள் யாழ்ப்பாணத்தில் வைத்திருந்த காணிப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோட்டுப் படத்தைக் கட்டடக் கலைஞரின் துல்லியமான வரைபடமாக்கினார். அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தானும் ஓர் ஓவியம் வரைந்தார். ஒரே வீடு மூன்று மொழியில். அதற்கும் முன்பு 2004-இல் யாழ்ப்பாண நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ காட்சியில், வீடுகளிலிருந்து திரட்டிய எளிய பொருட்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். 1981-இல் எரிக்கப்பட்ட கட்டடத்தில் அந்தப் பொருட்கள் இருந்தது தற்செயல் இல்லை. இவை காணொளி அல்ல. ஆனால் காணொளி செய்ய வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. சர்க்கார் ஏடு எழுதாததை எழுதச் செய்வதற்குச் சனாதனன் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: கேட்டார், வரையச் சொன்னார், அதைத் தொழில்முறை ஆவணத்துக்குச் சமமாகப் பக்கத்தில் வைத்தார். பார்களை முங்கி அறிந்தவர்களிடம் யாராவது ஒரு தாளும் பென்சிலும் கொடுத்திருக்கிறார்களா?

மறுகோடியில் கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ் இருக்கிறார். ஈழத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். அன்னிகா குல்மனோடு சேர்ந்து படைப்பவர். 2022-இல் லண்டனிலும் பெர்லினிலும் காட்டப்பட்ட அவர்களுடைய பல்திரைப் படைப்பு, ஈழப் போராட்ட காலத்துப் பழைய ஒளிப்பதிவையும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உருவங்களையும் வேண்டுமென்றே கலக்கிறது. எது பழைய நாடா, எது புதிதாகச் செய்தது என்று பார்ப்பவருக்கு நிச்சயமாகத் தெரியாது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவரின் சாயலில் ஒரு முகம் தமிழர் அரசியலைப் பேசுகிறது. வென்றவர் எழுதிய வரலாறும் ஒருவகைப் புனைவுதான் என்பது அவர் வாதம். புத்திசாலித்தனமான படைப்பு, எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஆவணம் அழிக்கப்பட்ட சமூகம் தன் கடந்த காலத்தைக் கற்பனை செய்துகொள்ள உரிமை உண்டு. தூத்துக்குடிக்கு அந்த வழி இப்போது வேண்டாம். இங்கே உண்மையான குரல் இன்னும் உயிரோடு இருக்கிறது. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் போகிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்தில் வளையலாகிறது. அவர்களைக் கேட்காமல் கணினியிடம் கேட்பது சோம்பல்.

யாருக்காகக் காட்டுவது என்ற கேள்விக்கு அமர் கன்வாரிடம் பதில் இருக்கிறது. ஒடிசாவில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நிலம் பறிபோவதைப் பற்றி அவர் செய்த ‘இறையாண்மைக் காடு’ ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சிக்கு 2012-இல் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் புவனேஸ்வரத்தில் ‘சமத்ருஷ்டி’ என்ற அமைப்பின் வளாகத்திலும் நிறுவப்பட்டது. உள்ளே படங்கள், கையால் செய்த புத்தகங்கள், பாரம்பரிய நெல் விதைகள். நிலத்தை இழந்தவர்கள் வந்து பார்த்தார்கள். தங்களிடம் உள்ள சான்றைக் கொண்டுவந்து சேர்க்கவும் இடம் இருந்தது. நாளை ஒரு வழக்கில் இந்த விதை சாட்சி சொல்லுமா என்று கன்வார் கேட்பதாக எனக்குத் தோன்றியது. நான் அறிந்த இந்தியக் காணொளிப் படைப்புகளில் நிலத்தைப் பற்றி இதைவிட நேர்மையான ஒன்று இல்லை.

நேர்மை என்ற சொல்லைத் தூத்துக்குடியில் எச்சரிக்கையாகத்தான் பயன்படுத்த வேண்டும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தூத்துக்குடியைப் பற்றி உலகம் அதிகம் பார்த்த காணொளி அன்று கைப்பேசிகளில் எடுத்ததுதான். அதன்பின் இங்கே கேமராவைத் தூக்குகிறவர் யாருக்காகத் தூக்குகிறார் என்று ஊர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

முன்னோர் பற்றி ஒரு வார்த்தை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை எல்லாம் தோண்டத் தோண்டப் பழமை கூடிக்கொண்டே போகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முன் செல்கிறது என்று முதலமைச்சர் அறிவித்தபோது, சிவகளை அந்த அறிவிப்பின் நடுவில் இருந்தது. பெருமைப்படலாம். ஆனால் பழமைப் போட்டியில் இறங்கிவிட்டால் கலைக்கு வேலை இல்லை, பதாகைக்குத்தான் வேலை. இந்தக் கரையின் வம்சம் ஒற்றை நூல் இல்லை. பெரிப்ளஸ் சொல்லும் கைதிகள், பரதவர், காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம்கள், பர்னாந்து, கோமஸ், வாஸ் என்று போர்த்துகீசியப் பெயர் தாங்கிய தமிழர்கள், உப்பளத்தில் கால் வெடித்து நிற்கும் பெண்கள், கொழும்புக்குப் போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள். பனிமய மாதா கோயிலுக்கு முன்னால் ஆகஸ்ட் 5 அன்று நிற்கும் கூட்டத்தில் யாருக்கு யார் முன்னோர் என்று பிரிக்க முடியுமா? பல திரைகள் உள்ள வடிவம் இதற்கு உதவும். ஒரே கதையைச் சொல்லும் கட்டாயம் அதற்கு இல்லை. முரண்படும் குரல்கள் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் ஓடலாம். கத்தோலிக்கர் சொல்லும் முத்துத்துறைக் கதையும் காயல்பட்டினம் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்காது. ஒன்றாக்கவும் வேண்டாம்.

அப்படி ஒரு படைப்பை இங்கே செய்ய என்ன வேண்டும்? பெரிய பணம் வேண்டாம். முதலில் பதிவு வேண்டும்: பார்களின் பெயர்கள், அவற்றைக் கண்டுபிடிக்கும் கரை அடையாளங்கள், காற்றும் நீரோட்டமும், முங்கும்போது கயிறு பிடிப்பவரோடு பேசும் சைகைகள், கடல்கட்டியைப் பற்றிக் கேட்டவை. பேசுகிறவரின் பேரும் ஊரும், அவர் சம்மதித்தால், குரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும். தர்ஸ்டன் செய்த தவறைக் கேமராவால் மறுபடி செய்யக் கூடாது. பதிவின் ஒரு படி பேசியவர் வீட்டில் இருக்க வேண்டும். காட்டுவது முதலில் இங்கே, ஏலக்கூடத்திலோ பள்ளிக்கூடத்திலோ. கொச்சி பியனாலேவும் பெர்லினும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் பாளையங்கோட்டைச் சாலையில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இந்தச் சாலையில்தான் இருக்கிறது, வ.உ.சி. கல்லூரியும் அப்படியே. கடற்கரைச் சாலையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், ஊரில் ஒரு வானொலி நிலையம். அதன் மத்திய அலை ஒலிபரப்பு கடல் தாண்டி இலங்கையிலும் கேட்டது. ஒலிவாங்கியும் மாணவர்களும் பார்களின் பட்டியலும் ஒரே ஊரில் இருக்கும்போது வெளியூர்க் கலைஞர் வரும்வரை காத்திருக்கக் காரணம் இல்லை. 1961-இல் கடைசிப் பருவத்தில் இருபது வயதில் முங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தமிழ்த் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து, அடுத்த கல்விப் பருவம் தொடங்கும் முன் அவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும்.